சொன்ன சொல்லும் துறந்த பதவியும்

சம்மாந்துறையை அடுத்து, வயல்கள் சூழ அமைந்திருக்கும் பழம்பதி வீரமுனை. அங்குள்ள சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலுக்கு ஓர் ஐதிகம் உண்டு. கடலிடையே தடைப்பட்ட மரக்கலத்தில் இருந்த சீர்பாததேவி, கலம் சென்று தங்கும் இடத்திலே ஆலயம் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். கலம் வீரமுனையில் தங்கவே, சொன்னபடி ஆலயமும் எழுந்தது என்பர். கொடுத்த சொல்லைக் காத்தலே இக்கதையின் உயிர்நாடி.

கொள்கைக்காகப் பதவியைத் துறக்கும் தலைவனை இன்று தொலைக்காட்சி நாடகங்களிற் கண்டு வியக்கின்றோம். நாடகத்திலே அது எளிது. திரை மூடியதும் நடிகர் தம் இல்லம் செல்வர். மெய்யான அரசியலில் அதற்கு விலை உண்டு. அவ்விலையைக் கொடுத்தோரும் கொடாதோரும் இக்கரையோர வரலாற்றிலே இடம்பெற்றுள்ளனர்.

1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பத்து இடங்களை வென்றது. அவற்றுள் கல்முனையும் பொத்துவிலும் அடங்கும். கல்முனையில் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் அக்கட்சியின் சார்பில் தெரிவாயினர். தமிழ் பேசும் மக்கள் சமயவேறுபாடு கடந்து அளித்த தீர்ப்பு அது. ஆயினும் இருவரும் பின்னர் அரசாங்கப் பக்கம் சேர்ந்துகொண்டனர். அவர்களுக்காகவும் ஒன்று கூறலாம்: வயலுக்கு நீரும், பிள்ளைகளுக்குப் பாடசாலையும் வேண்டி நிற்கும் சிறு சமுதாயம் ஆட்சியாளரைப் பகைத்து வாழ்வது கடினம். இவ்வாதம் பொருளற்றதன்று. ஆனால், வாக்குக் கேட்டபோது சொன்னது ஒன்று, வென்றபின் செய்தது வேறொன்று என்னும் குறை அதனால் நீங்கிவிடுமா?

வேறு வழியும் உண்டென்பதை எஸ். ஜே. வி. செல்வநாயகம் காட்டினார். 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்று அவர் கூறினார். கூறியதோடு நில்லாது, அவ்வாண்டு அக்டோபரிலே தம் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, மக்களிடமே தீர்ப்புக் கேட்போம் என அறைகூவினார். இடைத்தேர்தல் ஈராண்டுக்கு மேலாகத் தாமதித்தது. முதுமையும் நோயும் வருத்தப் பொறுத்திருந்த அப்பெரியார், 1975 பெப்ரவரியில் 16,000க்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார்.

கல்முனைப் பக்கத்திலும் அத்தகைய ஒரு நிகழ்ச்சி நடந்தது. சம்மாந்துறையிற் பிறந்த எம். எச். எம். அஷ்ரப், ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரசை நிறுவி, 1989ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சென்றவர். 1994ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலின்போது, அம்பாறை மாவட்டத்தில் தம் கட்சி போட்டியிடும் சபைகள் அனைத்தையும் வெல்லாவிடின் நாடாளுமன்றப் பதவியைத் துறப்பதாக அவர் சூளுரைத்தார். பெரும் வெற்றி கிட்டியும் சபைகள் அனைத்தும் வசமாகவில்லை. மேடைப்பேச்சு என்று அதனைத் தள்ளிவிட்டிருக்கலாம். யாரும் வழக்குத் தொடுத்திருக்கப் போவதில்லை. அவரோ சொன்னபடி பதவி விலகினார்.

அவ்வாண்டு ஆகஸ்டுப் பொதுத் தேர்தலில் மக்கள் அவரை மீண்டும் அனுப்பினர். தேர்தலுக்கு முன்னரே செய்துகொண்ட உடன்பாட்டின் வழி அவர் அமைச்சருமானார். ஒலுவிலில் எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அவர் முயற்சியின் பயன். 2000 செப்டெம்பர் 16ஆம் நாள் வானூர்தி விபத்தில் அவர் மறைந்தார்.

காரியப்பரும் முஸ்தபாவும் அரசாங்கத்தோடு சேர்ந்தனர், அஷ்ரப்பும் சேர்ந்தார். எனின் வேற்றுமை யாது? மக்களுக்கு முன்னரே தெரிவித்துச் சேர்தல் ஒன்று. தெரிவித்ததற்கு மாறாகச் சேர்தல் மற்றொன்று. கொள்கையுறுதி என்பது ஒருபோதும் இணங்காமை அன்று. வாக்களித்தவனிடம் கணக்கு மறையாமையே அது.

பிள்ளையாருக்கு நேர்ந்ததைச் சீர்பாததேவி மறந்திருந்தால் வீரமுனைக்கு அந்தக் கோயில் இல்லை. மக்களுக்கு நேர்ந்ததைத் தலைவர் மறந்தால் மக்களாட்சிக்கும் அதே கதிதான்.