பாக்கெட் வைத்த ஜாக்கெட்

போன மாதம் என் பெண் ஆன்லைனில் ஒரு ஜாக்கெட் வாங்கினாள். நீல நிறத்தில் கெட்டியான காட்டன், சட்டைக் காலர், முன்னால் மூன்று பாக்கெட். பார்சலைப் பிரிச்சதும் என் அம்மா கேட்டார்: "ஜாக்கெட்டா? ஜாக்கெட்ல ஏதுடி பாக்கெட்டு?"

அம்மா கேட்டதில் தப்பில்லை. மயிலாப்பூரில் எந்த டெய்லரிடம் போய் ஜாக்கெட் தைக்கணும்னு சொன்னாலும் ரவிக்கைக்குத்தான் அளவு எடுப்பார். எல்லோரும் சிரிச்சிட்டு விட்டுட்டாங்க. நான்தான் ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

மகள் வாங்கியதன் பூர்வீகம் சுலபமாகக் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்ஸில் பட்டறையிலும் வயலிலும் வேலை செய்த ஆண்கள் போட்ட நீல மேல்சட்டை. நியூயார்க் டைம்ஸ் புகைப்படக்காரர் பில் கன்னிங்ஹாம் அதைத்தான் யூனிஃபார்ம் மாதிரி போட்டுக்கொண்டு சைக்கிளில் சுற்றினார். இப்போது ஃபேஷன். அவ்வளவுதான்.

நம்ம ஊர் ஜாக்கெட்டின் கதை அவ்வளவு லேசானதில்லை.

இன்றைய குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே நாடார் பெண்கள் மார்பை மறைக்க அனுமதி இல்லை. 1814இல், கர்னல் மன்றோ காலத்தில், கிறிஸ்தவர்களாக மாறிய நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம் என்று உத்தரவு வந்தது. குப்பாயம் என்பது தைத்த மேல்சட்டை, ஜாக்கெட் மாதிரி. ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது அதை அல்ல. உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளில் மேல்சீலை போட வேண்டும் என்பதுதான் அவர்கள் விருப்பம். 1829 அரசாணை மேல்சீலையைத் தடுத்தது, ஜாக்கெட்டை விட்டுவைத்தது. மறைத்துக்கொள், ஆனால் பார்த்ததும் யாரென்று தெரிய வேண்டும். ஜாக்கெட் சலுகையாகவும் இருந்தது, அடையாள முத்திரையாகவும் இருந்தது. தோள்சீலைப் போராட்டம் பற்றிப் பேசும்போது நாம் இதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம் என்று நினைக்கிறேன்.

1858இல் கலவரம் வெடித்தது. விஷயம் சென்னைக் கோட்டைக்கு வந்தது. அப்போதுதான் கவர்னராக வந்திருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் திருவிதாங்கூருக்கு அழுத்தம் கொடுத்தார். 1859 ஜூலை 26 பிரகடனத்தில், எந்த மதத்து நாடார் பெண்ணும் மறைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கூடவே ஒரு கொக்கி: உயர்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது.

இதையெல்லாம் படித்த பிறகு தெருவில் பார்வை மாறிவிட்டது. லஸ் பக்கம் மெட்ரோ வேலை நடக்கும் இடத்தைக் கடக்கும்போது பாருங்கள். சித்தாள் பெண்கள் புடவை மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். வெயிலுக்கும் சிமெண்ட் தெறிப்புக்கும் அதுதான் காப்பு. முந்தானை நழுவுதேன்னு கவலை இல்லை, செல்போன் வைக்க பாக்கெட் கிடைக்கிறது. அரசாணை போட்டு யாரும் தரவில்லை. வேலைக்குத் தோதாக அவர்களே கண்டுபிடித்துக்கொண்டது. பிரெஞ்சுத் தொழிலாளியின் சட்டையும் செய்வது கிட்டத்தட்ட இதே வேலைதான். இதற்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை, கேட்டலாகில் படமும் வரவில்லை.

இதற்கு நேர் எதிராக இன்னொன்று இருக்கிறது. நம்ம ஊர் தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகள் சிலவற்றில் பெண் விரிவுரையாளர்கள் புடவை மேல் ஓவர்கோட் போட்டே ஆக வேண்டும். ஆண்களுக்கு அந்த விதி கிடையாது. நான் படித்த காலத்தில் அந்த கோட்டை லேப் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். 1859ஐப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அன்று மூடாதே என்று சொன்னார்கள், இன்று மூடு என்கிறார்கள். சொல்லும் இடத்தில் இருப்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

மகளின் ஜாக்கெட்டை எடுத்து இன்னொரு தடவை பார்த்தேன். பெண்கள் சட்டையில் பட்டன் இடப்பக்கம் இருப்பதுதான் வழக்கம். இதில் வலப்பக்கம் இருந்தது, அந்தச் சித்தாள் அம்மா போட்டிருக்கும் ஆம்பளைச் சட்டையில் இருக்கிற மாதிரியே.