பூஜ்ஜியம் போட்ட கதை

எங்க டீம்ல வாராவாரம் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் அனுப்பணும். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் அடிக்கணும். வேலை எந்த லட்சணத்துல இருந்தாலும் நாங்க அடிக்கிறது பச்சைதான் (ஹி ஹி). அதனாலயோ என்னவோ, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து அரசுப் பல்கலைக்கழகங்களின் கதையைப் படிச்சப்போ சொந்தக் கதை மாதிரியே இருந்தது.

பல்கலைக்கழகங்கள் சுற்றுச்சூழலைப் பத்திப் பேசுறது புதுசில்லை. 1990-லேயே பிரான்சின் தல்வார் என்ற ஊரில் 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டாங்க. ஆனா அது விருப்பப்பட்டுக் கொடுத்த வாக்குறுதி, அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் கொலம்பியா ஒரு படி மேல போச்சு. 2007-ல் சட்டமே போட்டாங்க. 2010-லிருந்து பள்ளி, ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம்னு எல்லா அரசு நிறுவனமும் தான் வெளியிடும் கரியமில வாயுவை எண்ணி, வருஷா வருஷம் அறிக்கை வெளியிடணும். கட்டிடம், வண்டி, வாங்குற பேப்பர் வரைக்கும் கணக்கு உண்டு. குறைக்க முடியாத ஒவ்வொரு டன்னுக்கும் 25 டாலர் கட்டணும். அந்தப் பணத்துல வேற எங்கயோ வாயுவைக் குறைச்சு, இங்க பூஜ்ஜியம் போட்டுக்கலாம்.

2010 கணக்குல பூஜ்ஜியமும் வந்துச்சு. வட அமெரிக்காவிலேயே முதல்முறைன்னு அரசு பெருமையா அறிவிச்சது.

அப்புறம்தான் ஆப்பு. 2013-ல் மாகாணத் தலைமைத் தணிக்கையாளர் ஜான் டாயில் அந்தப் பணம் போன இடத்தைத் தோண்டினார். பெரும்பகுதி ரெண்டே திட்டத்துக்குத்தான் போயிருந்தது: ஒண்ணு காடு, இன்னொண்ணு ஒரு எரிவாயுக் கம்பெனியின் துளையிடும் முறை. இந்தப் பணம் வராட்டியும் ரெண்டும் எப்படியும் நடந்திருக்கும், அதனால அந்தப் பூஜ்ஜியம் செல்லாதுன்னுட்டார். அதே வருஷம், பணத்தைக் கையாண்ட அரசு நிறுவனத்தை மூடப்போறதா அறிவிச்சாங்க.

அப்போ அறிக்கையே வேஸ்டா? அங்கதான் எனக்கு ஒரு விஷயம் பிடிச்சது. அதே காலத்துல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம், 1920-களிலிருந்து ஓடிய நீராவிக் குழாய்களைப் பிடுங்கிட்டு வெந்நீர்க் குழாய் பதிச்சுக்கிட்டிருந்தது. செலவு 8 கோடி டாலருக்கு மேல. ஒவ்வொரு டன்னையும் எண்ணி எழுதினாத்தானே ஓட்டை எங்கன்னு தெரியும்?

ஆக, எண்ணினது தப்பில்லை. எண்ணிக்கைக்குக் கீழ பூஜ்ஜியத்தை விலைக்கு வாங்கி ஒட்டினதுதான் தப்பு. அதையும் வெளியாள் ஒருத்தர் வந்து பார்த்ததாலதான் தெரிஞ்சது. அடுத்த வாரம் பச்சை அடிக்கறதுக்கு முன்னாடி நானும் கொஞ்சம் யோசிக்கணும் மக்களே.