மாளிகைமேடு: இல்லாத சுவரைப் படித்தறியும் பணி

தாதரில் விரார் வண்டி ஏறும் மும்பைத் தமிழருக்கு நாலாசோப்பாரா பழகிய நிலையம். பண்டைய சூர்ப்பாரகத் துறைமுகத்தின் பெயர் இன்றும் அந்நிலையத்தின் பெயரில் தங்கியிருக்கின்றது. அங்குள்ள ஒரு மேட்டை ஊரார் ‘புருட் ராஜாசே கோட்’ என்று அழைத்துவந்தனர். மூங்கிற்கூடை முடையும் குலத்து அரசன் ஒருவனின் கோட்டை என்பது அதன் பொருள். 1882 ஏப்ரலில் அறிஞர் பகவான்லால் இந்திராஜி அம்மேட்டின் நடுவே அகழ்ந்தார். கோட்டையும் கிடைக்கவில்லை, அரண்மனையும் கிடைக்கவில்லை. வெளிப்பட்டது செங்கல்லால் எழுப்பிய பௌத்தத் தூபி. அதன் உள்ளே கற்பேழை. அதனுள் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய பேழைகள். அவற்றைச் சூழ எட்டுச் செப்புத்திருமேனிகள். அரசன் வீடு என்று ஊர் சொன்ன இடம் வழிபாட்டிடமாக இருந்தது.

மேட்டின் பெயர் சான்று ஆகாது என்பதற்குச் சோப்பாரா எடுத்துக்காட்டு. எனினும் எல்லா மேடுகளின் பெயரும் பிழையல்ல. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில், முதலாம் இராசேந்திரன் (1012–1044) எடுப்பித்த பெருங்கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் மாளிகைமேடு என்னும் இடம் உள்ளது. அங்கே மாளிகை ஏதும் நிற்கவில்லை. 1025ஆம் ஆண்டளவில் தலைநகரான அவ்வூர் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழரின் ஆட்சிமையமாக விளங்கியது. சோழப் பேரரசு வீழ்ந்தபின் எஞ்சியது பெயர் மட்டுமே. தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை 1980–81இல் அங்கு அகழாய்வைத் தொடங்கி, பின்னர் பல பருவங்களில் தொடர்ந்து, 2021இல் மீண்டும் மேற்கொண்டது. ஊரார் வழங்கிய பெயர் மெய் என்பது அப்பணியால் உறுதியாயிற்று.

ஆயினும் அந்த உறுதி ஒரு நாளில் வந்ததன்று. மாளிகைமேட்டுச் சுவர்களின் செங்கற்களைப் பிற்காலத்தவர் தத்தம் தேவைக்குப் பெயர்த்தெடுத்துச் சென்றுவிட்டனர். கோயிலுக்கும் அந்நிலையே நேர்ந்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கோயில் மதிலின் கற்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டன. ஆகவே மாளிகைமேட்டில் அகழ்பவரின் முதன்மையான வேலை, இருக்கும் சுவரைக் காண்பது மட்டுமன்று. இல்லாத சுவரைக் கண்டறிவதும் ஆகும்.

இந்த வேலை காலையில் நூல் கட்டுவதில் தொடங்குகின்றது. நிலம் சதுரங்களாகப் பகுக்கப்படுகின்றது. குழிகளுக்கு இடையே வெட்டாமல் விடப்படும் மண்தடுப்பு, அடுக்குகளின் வரிசையைக் காட்டும் ஏடாக நிற்கின்றது. கைக்கொத்தால் மண்ணை மெல்லச் சீவுவார் ஒருவர்; கூடையில் அள்ளுவார் இன்னொருவர்; சல்லடையில் சலிப்பார் மற்றொருவர். இவர்களுள் பெரும்பாலோர் சுற்றுவட்டார ஊர்மக்கள். மண்ணின் இறுக்கம் மாறுவதை முதலில் உணர்வது பெரும்பாலும் அவர்களுடைய கையே.

அந்த மாற்றமே திறவுகோல். செங்கல் பெயர்க்கப்பட்ட பள்ளத்தில் பிற்காலத்து மண் தளர்வாக நிரம்பியிருக்கும். அதில் செங்கற்பொடியும் சுண்ணச்சாந்துத் துணுக்குகளும் கலந்திருக்கும். இருபுறமும் உள்ள பழைய மண் இறுகி, வேறு நிறத்தில் இருக்கும். தரையைத் துப்புரவாகச் சீவி, சிறிது நீர் தெளித்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே கோடு தெரியும். அக்கோட்டைத் தொடர்ந்து சென்றால் சுவர் சென்ற திசையும் அதன் அகலமும் அறை திரும்பிய மூலையும் புலப்படும். எடுத்துச் சென்றவர்கள் தம்மையறியாமல் விட்டுச்சென்ற வரைபடம் அது.

கூரை ஓடுகளும் இவ்வாறே பேசுகின்றன. மாளிகைமேட்டில் தட்டையான சிறு ஓடுகளும் இரும்பு ஆணிகளும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. மரத்தூண்களைத் தாங்கியிருக்கக்கூடிய கருங்கல் அடித்தளங்கள் சில எஞ்சியுள்ளன. தூண்கள் மட்கிவிட்டன. சரிந்த ஓட்டுக் குவியலைச் செங்கல் எடுத்த பள்ளம் ஊடறுத்துச் செல்லுமாயின், கூரை முன்னரே வீழ்ந்தது, கொள்ளை பின்னர் நிகழ்ந்தது என்று கொள்ளலாம். பள்ளத்தின்மீது ஓடுகள் கலையாமல் படிந்திருந்தால் முடிவு வேறாகும். ஓர் ஓடு எந்த ஆழத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்று அன்றே குறிக்காவிட்டால் இந்த வேறுபாட்டைப் பின்னர் யாராலும் மீட்க இயலாது.

இங்கே கிடைத்த சீன மட்பாண்டத் துண்டுகள் கடல்கடந்த உறவைக் காட்டுகின்றன. கல்வெட்டோ வேறொரு பக்கத்தைத் திறக்கின்றது. வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு ‘சோழகேரளன் திருமாளிகை’ என்று இவ்வூர் அரண்மனையைக் குறிக்கின்றது; அதன் ஆதிபூமியையும் கீழைச் சோபானத்தையும் ‘மாவலி வாணாதிராஜன்’ என்ற இருக்கையையும் பெயர்சொல்லிக் கூறுகின்றது. கீழ்த்தளத்துக்குத் தனிப்பெயர் இருந்தமையால் மாளிகைக்கு மேல்தளமும் இருந்திருக்கும் என்பர் அறிஞர். முதலாம் குலோத்துங்கனின் 49ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் (1119) ‘கங்கைகொண்டசோழ மாளிகை’ என்ற பெயர் வருகின்றது. கல்வெட்டு பெயர்களைத் தருகின்றது; மண் இடத்தைத் தருகின்றது. இரண்டையும் பொருத்துவது குழியோரக் குறிப்பேடு.

அகழாய்வு என்பது திருப்பிப் படிக்க இயலாத நூலைப் படிப்பது. படித்த பக்கம் அப்போதே அழிந்துவிடும். செங்கல்லைப் பெயர்த்தவர்கள் மாளிகைமேட்டை ஒருமுறை அழித்தனர். பதிவில்லாமல் தோண்டுபவர் அதனை இரண்டாம் முறை அழிக்கின்றார். மாலையில் பொருள்களைப் பையிலிட்டு, குழி எண்ணும் அடுக்கும் ஆழமும் நாளும் எழுதி முடித்த பின்னரே அன்றைய அகழ்வு நிறைவு பெறுகின்றது. பொன்னும் பேழையும் கிடைக்காத நாள்களே களப்பணியில் மிகுதி. சோழர் மாளிகை இன்று நமக்குத் தெரியவருவது அத்தகைய நாள்களின் குறிப்புகளால்தான்.