குடியும் மனச்சோர்வும் குலவழி வருபவையா?

"அப்பன் குடித்தான், பிள்ளையும் குடிக்கிறான். எல்லாம் இரத்தத்தில் வந்தது!" இப்படிப் பேசுவதை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். நெமிலியின் கடைத்தெருவாயினும், இராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளின் வாயிலாயினும் ஊரார் வழங்கும் தீர்ப்பு இதுதான். அதே வீட்டில் உணவும் உறக்கமும் பேச்சும் குறைந்து, ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் தாயைப் பற்றி எவரும் பேசுவதில்லை. தந்தையின் குடிக்கும் தாயின் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டா? அவ்வீட்டு மகனும் மகளும் இவற்றைப் பிறப்பிலேயே பெற்று வருகிறார்களா? இவ்வினாக்களுக்கு விடை தேடி அறிவியல் நடந்து வந்த வழியைப் பார்ப்போம்.

சட்டம் கேட்ட கேள்வி

குடியைப் பற்றி நம் நாட்டில் முதலில் கவலைப்பட்டது அரசியலும் சட்டமுமே. இராஜாஜியின் ஆட்சியில் 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1938-ல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939-ல் வட ஆர்க்காட்டுக்கும் அது பரவியது. இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள நெமிலி அந்நாளில் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. போர்க்காலத்தில் நின்றுபோன சட்டம் 1948-ல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் கடைகள் திறந்தன; 1974-க்குள் மூடின; 1981-ல் மீண்டும் திறந்தன.

மது கிடைக்கலாமா, கூடாதா என்பதே சட்டத்தின் கேள்வி. அறிவியலின் கேள்வி வேறு. ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே கடையில் குடிக்கும் இருவரில் ஒருவர் பண்டிகை நாளோடு நிறுத்திக்கொள்கிறார். மற்றவரோ பொழுது விடியுமுன் கை நடுங்க மதுவைத் தேடுகிறார். இவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது?

தத்துப் பிள்ளைகள் சொன்ன செய்தி

குடிக்கும் தந்தையிடமிருந்து மகன் இரண்டு சொத்துகளைப் பெறுகிறான். ஒன்று மரபணு, மற்றொன்று அந்த வீடு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி? பிறந்தவுடன் வேறு வீட்டிற்குத் தத்துப் போன பிள்ளைகளை ஆராய்ந்தால் பிரிக்கலாம் அல்லவா?

டென்மார்க் நாட்டில் தத்துப் பதிவேடுகள் ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்டு வந்தன. அவற்றைக் கொண்டு டொனால்ட் குட்வின் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு 1973-ல் வெளிவந்தது. குடிநோயாளிகளுக்குப் பிறந்து, ஆறு வாரத்திற்குள் பிரிக்கப்பட்டு, வேறு குடும்பங்களில் வளர்ந்த ஆண்கள் 55 பேர். அவர்களுள் 10 பேர் குடிநோயாளிகளாகியிருந்தனர். அத்தகைய பெற்றோர் இல்லாத தத்துப் பிள்ளைகள் 78 பேரில் அவ்வாறானவர் 4 பேரே. பெற்ற தந்தையின் முகம் அறியாதவர்களிடமும் அந்த நாட்டம் மிகுதியாக இருந்தது! மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பது தெளிவாயிற்று.

இனி மகள்களுக்கு வருவோம். 1970-களின் தொடக்கத்தில் அயோவாப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வினோக்கர் ஒரு கருத்தை முன்வைத்தார். சில குடும்பங்களில் ஆண்களிடம் குடிநோயும் பெண்களிடம் மனச்சோர்வும் காணப்படுகின்றன. ஒரே மரபுக்கூறுதான் ஆணிடம் ஒரு வடிவிலும் பெண்ணிடம் வேறு வடிவிலும் தோன்றுகிறதோ என்றார் அவர்.

கருத்து அழகானதுதான். ஆனால் 1977-ல் குட்வின் குழு வெளியிட்ட முடிவு அதனை ஐயத்திற்குள்ளாக்கியது. குடிநோயாளிகளின் மகள்களில், அவ்வீட்டிலேயே வளர்ந்தவர்களிடம் மனச்சோர்வு மிகுந்திருந்தது. தத்துப் போய் வளர்ந்த மகள்களிடமோ அது மிகவில்லை. அப்படியானால் அம்மகள்களின் துயரத்தில் பெரும் பங்கு இரத்தத்திற்கன்று, வீட்டிற்கே உரியது என்று தோன்றியது.

இரட்டையர் முதல் மரபணு வரை

கதை இத்துடன் முடியவில்லை. கென்னத் கெண்ட்லர் குழுவினர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1,030 பெண் இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 1993-ல் முடிவை வெளியிட்டனர். குடிநோய்க்கும் மனச்சோர்வுக்கும் மரபுக்கூறுகளில் ஒரு பகுதி பொதுவானது. மறுபகுதி தனித்தனியானது என்று அவர்கள் கண்டனர். வினோக்கர் எண்ணியதுபோல் இரண்டும் ஒன்றல்ல. முற்றிலும் தொடர்பற்றவையும் அல்ல.

2018-ல் 52,000-க்கு மேற்பட்டோரின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வும் இவ்வுறவை உறுதி செய்தது. 'குடிக்கென ஒரு ஜீன்' என்று எதுவும் இல்லை. மதுவை உடலில் சிதைக்கும் நொதிக்குரிய மரபணு ஒன்று தெளிவாகத் தென்பட்டது. மற்றபடி சிறுசிறு பங்குடைய மரபணுக்கள் மிகப்பல. மனச்சோர்வுக்கான மரபுச்சுமை குடிநோய்க்கு வழிகோலலாம் என்று 2019-ல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது. இவற்றில் பெரும்பாலும் ஆராயப்பட்டவர்கள் ஐரோப்பிய வழியினர் என்பதை நாம் மறக்கலாகாது.

மறுபுறம், மதுவே மனச்சோர்வை உண்டாக்குவதும் உண்டு. 1988-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிகிச்சைக்குச் சேர்ந்த குடிநோயாளிகளில் 100-க்கு 42 பேரிடம் கடும் மனச்சோர்வு காணப்பட்டது. மது இன்றி நான்கு வாரம் கழிந்தபின் அது 6 பேரிடமே எஞ்சியது. கவலையை மறக்கக் குடிப்பதாகச் சொல்பவர், குடித்தே கவலையை வளர்த்திருக்கவும் கூடும்.

பாதி மரபு என்றால் என்ன?

குடிநோயில் மரபின் பங்கு ஏறத்தாழப் பாதி என்பர். இதைத் தவறாகப் புரிந்துகொள்வோர் பலர். தோலின் தன்மை ஆட்டோடு வருகிறது. பக்குவம் பதனிடும் இடத்தில் வருகிறது. ஒரு செருப்பைக் கையில் எடுத்து, இதில் பாதி ஆடு, பாதி பதனீடு என்று பிரிக்க முடியுமா? முடியாது. பல செருப்புகளிடையே காணும் வேற்றுமைகளுக்குத்தான் காரணங்களைப் பங்கிட்டுச் சொல்லலாம். மரபின் பங்கு என்பதும் மக்கள்தொகையைப் பற்றிய கணக்கே. தனி ஒருவரின் சாதகம் அன்று.

டென்மார்க் கணக்கை மறுபடியும் பாருங்கள். 55 பேரில் 10 பேர் என்றால், எஞ்சிய 45 பேர்? ஆய்வு நடந்தபோது அவர்கள் குடிநோயாளிகளாகவில்லை!

குடும்பமே சிகிச்சைக்களம்

நம் பகுதியிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1950-களில் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு உறவினரும் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறையைக் கைக்கொண்டது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தார். அங்கே குடிப்பவருக்கு மட்டுமன்றி, குடும்பத்தாருக்கும் தனித்திட்டம் உண்டு. மரபணுவை மாற்ற நம்மால் இயலாது. வீட்டை மாற்ற இயலும் என்பதை இம்முயற்சிகள் செயலில் காட்டின.

மாணவ அன்பர்களே! குடிக்கும் தந்தையின் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும். அது நீங்களாகவும் இருக்கலாம். "இரத்தத்தில் வந்தது" என்ற தீர்ப்பை ஏற்றுத் தலைகுனிய வேண்டியதில்லை. நமக்குச் சற்று ஆபத்து மிகுதி என்று அறிந்து, முதல் கோப்பையைத் தொடாதிருப்பதே அறிவுடைமை. மூலையில் அமர்ந்திருக்கும் அந்தத் தாய்க்கு வந்திருப்பதும் நோயாக இருக்கலாம். அதற்கும் மருத்துவம் உண்டு. மருத்துவமனைக்குத் தந்தையை அழைத்துச் செல்லும் நாளில் தாயையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.