செயின்சா பல்லும் ஒரு புழுவும்

கொல்லிமலைக்குப் போனவர்கள் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மரத்தை அறுக்கும்போது செயின்சாவிலிருந்து செதில் செதிலாகப் பறந்தால் பல் கூராக இருக்கிறது என்று அர்த்தம். மாவு மாதிரி கொட்டினால் அரம் போட வேண்டும். அந்தச் செதிலுக்குப் பின்னால் ஒரு புழு இருக்கிறது நண்பர்களே!

பழைய செயின்களின் பல், கைரம்பம் போலவே மரத்தைச் சுரண்டியது. அராவுவதிலேயே பாதி நேரம் போகும். 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிய ஜோசப் காக்ஸ், ஒரு அடிக்கட்டையில் வண்டின் புழு மரத்தை எல்லாப் பக்கமும் சுலபமாகத் தின்பதைக் கவனித்தார். அதன் தாடைகள் இடமும் வலமும் மாறி மாறிச் செதுக்கின. அதே மாதிரி வளைந்த பற்களைச் செய்து 1947-ல் விற்கத் தொடங்கினார். இன்றைய செயின்கள் பெரும்பாலும் அதன் வாரிசுகள்தான்.

இப்போது முக்கியமாக இரண்டு வகைப் பல் உண்டு. சதுர முனை சுத்தமான மரத்தில் வேகமாக ஓடும். மண் பட்டால் உடனே மழுங்கும். உருண்டை முனை கொஞ்சம் மெதுவு, ஆனால் தாங்கும். மலைச்சரிவில் இழுத்து வந்த மண் ஒட்டிய கட்டைக்கு இதுதான் சரி என்பேன்.

ஒரு பக்கப் பற்களை மட்டும் அதிகம் அராவினால் வெட்டு கோணலாகும். பல்லுக்கு முன்னால் உள்ள சின்ன மேட்டை அளவுக்கு மீறித் தேய்த்தால் இன்னும் மோசம், ரம்பம் ஆளை நோக்கி எகிறும். கிளையில் நின்று அறுப்பவர் எங்கே ஒதுங்குவார்?