கம்பெனிச் சிங்கம் வந்த வழி

இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில், சேம்பர்லெய்ன் பீங்கான் பட்டறை 1820 வாக்கில் ஒரு பெரிய விருந்துச் செட்டைச் சுட்டெடுத்தது. ஆர்டர் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. சரக்கு போய்ச் சேர வேண்டிய இடம் சென்னை ஜார்ஜ் கோட்டை.

பரம்பரைச் சின்னம் பொறித்த பீங்கானில் சாப்பிடுவது இங்கிலாந்தில் பெரிய வீட்டுப் பழக்கம். முதலில் சீனாவுக்குச் சின்னத்தை வரைந்து அனுப்பி வரவழைத்தார்கள். சென்னை கவர்னராக இருந்த தாமஸ் பிட்டும் அப்படி வாங்கியவர்தான். 1791-ல் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குவதை நிறுத்தவே, உள்ளூர்ப் பட்டறைகளுக்கு யோகம் அடித்தது. வியாபாரக் கம்பெனிக்குப் பாட்டன் ஏது, பூட்டன் ஏது? ஆனாலும் அதற்கும் ஒரு சின்னம் இருந்தது. தட்டின் நடுவே சிலுவை போட்ட கேடயம். இரு பக்கமும் கொடி பிடித்த சிங்கங்கள். உச்சியில் கிரீடத்தை ஏந்திய இன்னொரு சிங்கம். அடியில் ஒரு லத்தீன் வாசகம்.

சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழத்தில் நிற்க, கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்த்தன. பீங்கானும் அப்படித்தான் வந்திறங்கியது.

தெற்கே, எங்கள் கரிசல் காட்டுக்கு இந்தத் தட்டு வரவேண்டிய வேலையே இல்லை. இங்கே கம்மங்கூழும் கும்பாவும். ஆனால் அதே சிங்கம் தட்டுக்கு முன்பே செம்பில் வந்துவிட்டது. 1799-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கம்பெனி, 1803-ல் மிச்சமிருந்த பாளையங்களை ஜமீன்களாக்கி, பேஷ்குஷ் என்ற கப்பத்தைக் கணக்காக நிர்ணயித்தது. அதே ஆண்டு பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலை சென்னை மாகாணத்துக்குச் செப்புக்காசு அடித்தது. முன்பக்கம் அதே கேடயம், அதே சிங்கங்கள். இருபது காசு நாணயத்தின் பின்பக்கம் பாரசீக எழுத்து. 1808-ல் அடித்த காசுகளோடு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுமுன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் அள்ளினார்கள்.

மானாவாரியில் பருத்தியும் கம்பும் விளைவித்தவன் கட்டிய தீர்வை கம்பெனி கஜானாவுக்குப் போனது. சென்னையில் அந்த விருந்துச் செலவை ஏற்றதும் அதே கஜானாதான். ஏலக்காரர்கள் இன்று அந்தத் தட்டைப் பிரபுக்களின் பரம்பரைப் பீங்கானோடு ஒரே வரிசையில் வைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பக்கத்தில் ஒரு இருபது காசையும் வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் இரண்டு சிங்கம் போட்ட செப்புக்காசு கிடந்தால், பளபளப்பாகட்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எழுத்து மழுங்கும், மதிப்பும் போகும்.