கிருபையும் பந்தியும்

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் அருட்பணி, கிருபையினாலேயே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்னும் போதனையைத் தமிழருக்கு அளித்தது. ஆயினும் அதைக் கேட்ட சபையார் ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்தே அமர்ந்தனர். திருவிருந்திலும் முன், பின் என்னும் வரிசை நிலவியது.

1833ஆம் ஆண்டு கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றிலுமாகவும் ஒழிய வேண்டுமெனச் சுற்றுமடல் விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர். பின்னர் லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல் வேறொரு நிலையை மேற்கொண்டார். சாதி சமுதாய வழக்கம். அதைச் சட்டத்தினால் அறுத்தெறியாமல், சுவிசேஷம் உள்ளிருந்து மாற்றும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து.

கட்டளையினால் மனம் மாறாது என்பது மெய்யே. ஆனால் அப்பொறுமையின் சுமையைச் சுமந்தவர் யார்? முன்வரிசையில் இருந்தவரல்லர், பின்னே நிறுத்தப்பட்டவரே.

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உண்பதினின்று விலகியபோது, பவுல் காத்திருக்கவில்லை. எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தில் நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய உபதேசம் இப்பந்தி வழக்கிலிருந்தே எழுகிறது (2:11-16). ஆகவே யாரோடு அமர்ந்து உண்கிறோம் என்பது கிருபைக்குப் புறம்பான காரியமன்று. கிருபையை விசுவாசிக்கிறோமா என்பதே அங்கு வெளிப்படுகிறது.

பாத்திரம் ஒன்றான பின்பும், பெண் கொடுப்பதிலும் கல்லறைத் தோட்டத்திலும் அப்பழைய வரிசை நம்மிடையே முற்றிலும் மறையவில்லை. கிருபையைப் பிரசங்கிக்கும் ஆயர், தம் சபையில் இன்னும் காத்து நிற்பவர் யார் என்பதை முதலில் காண்பாராக.